கட்டைவிரலைத் தூக்குங்க

"கரண்ட் வைக்கலையா மேடம்?"

தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சற்று நேரத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். நான் பிசியோதெரபிஸ்ட். தோள்பையில் ஒரு ரப்பர் சுத்தியல், இஞ்சு டேப், மூட்டின் கோணத்தை அளக்கும் அளவுகோல், பேட்டரியில் ஓடும் சின்ன ஸ்டிமுலேட்டர் எல்லாம் இருக்கும். சனங்களுக்கு அந்த ஸ்டிமுலேட்டர் மேல்தான் நம்பிக்கை. பட்டையைக் காலில் வைத்ததும், மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த தசை துள்ளுகிறது. வீடே கூடி நின்று பார்க்கிறது. அதை விட்டுவிட்டு "எழுந்து நில்லுங்க, மறுபடி உட்காருங்க" என்று நான் சொன்னால் அவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது.

எனக்கு அந்தக் கருவி பெரும்பாலும் விசாரிக்கத்தான் பயன்படுகிறது. செத்த தவளையின் கால், மின்சாரம் பட்டதும் உதறுவதைப் பற்றி இத்தாலியின் பொலோன்யா நகரத்து லூயிஜி கால்வானி 1791-ல் எழுதினார். நீளமான மின்துடிப்புக்கு எங்கள் தொழிலில் இன்றைக்கும் அவர் பேர்தான்: கால்வானிக். குட்டித் துடிப்புக்கு ஃபாரடே பேரால் ஃபாரடிக். நரம்பு உயிரோடு இருந்தால் ஒரு மில்லிவிநாடியோ அதற்கும் குறைவான நேரமோ நீடிக்கும் குட்டித் துடிப்பே போதும், நரம்பு அதைப் பிடித்துத் தசைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நரம்பு செத்துப்போயிருந்தால் தசை அதற்கு மசியாது. துடிப்பை 100 மில்லிவிநாடி வரைக்கும் நீட்டிக் கொடுத்தால்தான் தசை தானாகவே அதை உணர்ந்து, சோம்பலாக, மெல்லச் சுருங்கும். ஆக, கோளாறு நரம்பிலா, அதற்கு மேலே மூளையிலா, கீழே தசையிலா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே கிடைத்துவிடும். மீதிப் பதில் கண்ணிலும் கையிலும் சுத்தியலிலும் இருக்கிறது.

ஒரு களையெடுப்புக் காலம். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு அக்கா, வலது பாதம் தொங்க, ஒவ்வொரு அடிக்கும் முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி நடந்துகொண்டிருந்தார். அப்படித் தூக்காவிட்டால் விரல் தரையில் தட்டிக் குப்புற விழுவார். ஏற்கெனவே இரண்டு முறை விழுந்திருந்தார். மாமியார் முகம் வெளுத்துப்போயிருந்தது. "வாதம் வந்துடுச்சுங்க மேடம். புறா ரத்தம் தேய்க்கிற எடத்துக்குக் கூட்டிட்டுப் போலாம்னு வண்டி பேசிட்டோம்" என்றார்.

"அக்கா, கட்டைவிரலைத் தூக்குங்க."

வரவில்லை. பாதத்தை மேலே தூக்கச் சொன்னேன். அதுவும் வரவில்லை. வெளிப்பக்கமாகத் திருப்பவும் முடியவில்லை. உள்பக்கமாகத் திருப்பச் சொன்னதும் நல்ல பலத்தோடு திருப்பினார். எனக்கு அங்கேயே பாதி மூச்சு வந்துவிட்டது. இடுப்பில் நரம்பின் வேர் நசுங்கியிருந்தால் உள்பக்கம் திருப்புவதும் தளர்ந்திருக்கும். மூளையில் அடைப்பு என்றால் கால் இப்படித் தனியாக, அதிலும் முழங்காலுக்குக் கீழே மட்டும் போவது அரிது. கையும் முகமும் பெரும்பாலும் சேர்ந்தே பாதிக்கப்படும். பாதத்தின் மேல்புறம் மரத்திருந்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில், கெண்டைக்கால் சிற்றெலும்பின் கழுத்தை விரலால் தட்டினேன். பாதம் வரைக்கும் சுரீர் என்று ஓடியதாகச் சொன்னார்.

அந்த இடத்தில் ஒரு நரம்பு எலும்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. மேலே தோலும் கொஞ்சம் கொழுப்பும்தான் காவல். குத்துக்கால் வைத்து மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அது நசுங்கும். மேல்நாட்டில் ஸ்ட்ராபெர்ரி பறிப்பவர்களுக்கு வருவதென்று மருத்துவப் புத்தகங்களில் படித்திருந்தேன். இங்கே அது தக்காளித் தோட்டத்தில், சாமந்திக் கொல்லையில், கடலைக்காட்டில் உட்கார்ந்து களைக்கொத்தைப் பிடிக்கிற பெண்களுக்கு வருகிறது. ஒல்லியானவர்களுக்கு இன்னும் எளிதாக வரும். மெத்தை மாதிரி இருக்க வேண்டிய கொழுப்பு அவர்களுக்கு அங்கே இல்லை.

நரம்புக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று அந்த வீட்டுத் திண்ணையில் வைத்தே சொன்னேன். சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். காரணம் புரிந்தவர்கள்தான் பயிற்சியை விடாமல் செய்கிறார்கள். முதுகுத் தண்டுக்குள் இருக்கிற ஒரு நரம்பு உயிரணு, பாதத் தசை வரைக்கும் ஒரே இழையை நீட்டியிருக்கிறது. உயிரணுவின் உடல் கண்ணுக்குத் தெரியாத அளவு, அதன் வாலோ ஏறக்குறைய ஒரு மீட்டர். ஓய்வில் இருக்கும்போது இழையின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட 70 மில்லிவோல்ட் அளவுக்கு எதிர்மின்னாக இருக்கும். செய்தி வரும்போது வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாயும். ஒரு இடத்தில் பாய்ந்ததும் அடுத்த இடம் திறக்கும். இழையைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருப்பதால் செய்தி இடைவெளிக்கு இடைவெளி தாவி, விநாடிக்கு 50, 60 மீட்டர் ஓடும். உறையில்லாத மெல்லிய வலி இழைகளில் விநாடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான். கல்லில் கால் இடறினால் முதலில் தொடுவுணர்வும், ஒரு கணம் கழித்து எரிகிற வலியும் வருவது அதனால்தான்.

நசுங்கியதில் உறை மட்டும் கெட்டிருந்தால் செய்தி அந்த ஒரு இடத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே நரம்பு உயிரோடுதான் இருக்கும். இழையே அறுந்திருந்தால் கீழ்ப்பகுதி சில நாட்களில் சிதைந்துபோகும். இரண்டும் முதல் வாரத்தில் பார்வைக்கு ஒன்றாகவே தெரியும். அதனால் பத்து நாளைக்கு மேல் ஆனபின் ஸ்டிமுலேட்டரை எடுத்துப்போனேன். நசுங்கிய இடத்துக்குக் கீழே குட்டித் துடிப்பைக் கொடுத்ததும் பாதம் சட்டென்று மேலே எழும்பியது. "கரண்ட்டுல கால் வந்துடுச்சு" என்று மாமியார் கும்பிட்டார். கரண்ட் கொண்டுவரவில்லை, நரம்பு உள்ளே உயிரோடு இருப்பதைக் காட்டியது, அவ்வளவுதான் என்று அவருக்கு விளக்கினேன். அது எங்களுக்கு நல்ல சேதி. உறை மறுபடி படர்வதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரைக்கும் பாதம் தொங்கிக் குதிகால் நாண் சுருங்கிவிடாமல் காப்பதுதான் வேலை. சைக்கிள் டியூபைக் கிழித்துச் செருப்பின் முன்பக்கத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே பட்டையாகக் கட்டிக்கொடுத்தோம். குத்துக்கால் கூடாது, சப்பணம் கூடாது, நின்றுகொண்டோ முக்காலியில் உட்கார்ந்தோ வேலை செய்யலாம். அடுத்த சாகுபடிக்கு முன்பே அவர் கட்டைவிரல் எழுந்துவிட்டது.

இழையே அறுந்திருந்தால் கணக்கு வேறு. அறுந்த நரம்பு திரும்ப வளரும், ஆனால் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், மாதத்துக்கு ஓர் அங்குலம் என்ற வேகத்தில்தான். வீட்டிலேயே இஞ்சு டேப்பால் அளந்து காட்டுவேன். முழங்காலிலிருந்து பாதத்தின் மேலுள்ள சின்னத் தசை வரைக்கும் முப்பது சென்டிமீட்டர் என்றால் பத்து மாதம். இதற்கிடையில் தசை காத்திருக்க வேண்டும். நரம்பு வந்து தொடும் இடம் தசையில் ஒன்றரை வருஷம் வரைக்கும்தான் தாங்கும், அப்புறம் கொழுப்பும் நாரும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நரம்பின் நடையும் தசையின் பொறுமையும் எங்கே சந்திக்கின்றன என்று கணக்குப் போட்டு வீட்டாரிடம் சொல்வதுதான் என் தொழிலில் முக்கியமான காரியம் என்று நினைக்கிறேன். மூன்று மாதத்தில் மாற்றம் தெரியவில்லை என்று கைவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டு ஆபரேஷனுக்கு அலைகிறவர்களும் உண்டு. அளவு தெரிந்தால் இரண்டும் நேராது.

நரம்பு வரவே வராது என்று ஆகிவிட்டாலும் வழி இருக்கிறது. அந்த வழியை உலகத்துக்குப் பெருமளவில் காட்டிய இடங்களில் நம் வேலூரும் ஒன்று. 1940களின் கடைசியில் அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் நரம்பு கெட்டு மடங்கிப்போன கைகளுக்கு, நரம்பு நன்றாக இருக்கிற வேறொரு தசையின் நாணை எடுத்து மாற்றிப் பொருத்தினார். முன்பு மோதிர விரலை மடக்கிக்கொண்டிருந்த தசை இப்போது கட்டைவிரலை நகர்த்தும். அறுவை முடிந்ததும் பிசியோதெரபிஸ்ட்டின் வேலை தொடங்கும். "மோதிர விரலை மடக்குங்க" என்றால் கட்டைவிரல் போகும். கொஞ்ச நாளில் மூளை கணக்கை மாற்றி எழுதிக்கொள்ளும். அப்புறம் கட்டைவிரலை நினைத்தாலே கட்டைவிரல் போகும். தொங்கும் பாதத்துக்கும் இதே முறையில், பாதத்தை உள்பக்கம் திருப்பும் தசையின் நாணை முன்பக்கம் கொண்டுவருகிறார்கள்.

இனி பக்கவாதம். என் வேலையில் பெரும்பங்கு இதுதான். 2021 ஆகஸ்ட் 5 அன்று, பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியபிறகு, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே போக ஆரம்பித்தது. அதற்கு முன்னால் கை கால் விழுந்தவர் ஒருவரைப் பயிற்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் ஆட்டோ, கூட ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். இரண்டு முறை போவார்கள், மூன்றாவது முறை வர மாட்டார்கள். வீட்டுக்குப் போவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கட்டில் எவ்வளவு உயரம், வாசல்படி எத்தனை, கழிப்பறை எங்கே என்று கண்ணால் பார்த்தபிறகு சொல்லித்தரும் பயிற்சிதான் ஒட்டும்.

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிஷத்துக்கு 19 லட்சம் நரம்பு உயிரணுக்கள் சாகும் என்று 2006-ல் ஓர் ஆய்வுக் கணக்கு வந்தது. அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அவகாசம் நாலரை மணி நேரம். மாரண்டஹள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து புறப்பட்டு, பாலக்கோடு தாண்டித் தருமபுரி மருத்துவக் கல்லூரிக்குப் போய் ஸ்கேன் எடுக்கவே அதில் கணிசமான பங்கு போய்விடும். ஆகவே வாய் கோணியதும், கை தொங்கியதும், பேச்சு குழறியதும் 108-க்குத்தான் முதல் போன். புறா வைத்தியத்துக்குப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வராது, பயத்தில் போகிறார்கள். ஆனால் அந்த நாலரை மணி நேரம் அங்கே செலவாவது மனசை அறுக்கிறது. முகம் மட்டும் கோணினால் ஒரு சோதனை இருக்கிறது. "புருவத்தைத் தூக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பக்கத்துப் புருவமும் எழவில்லை, கண்ணும் மூடவில்லை என்றால் பெரும்பாலும் முக நரம்பின் வீக்கம். 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் நல்ல பலன். புருவம் எழுந்து வாய் மட்டும் கோணியிருந்தால் மூளை. எதுவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், யார் எவ்வளவு அவசரமாக என்பதில்தான் வித்தியாசம்.

மூளையில் செத்த உயிரணு திரும்ப முளைக்காது. பக்கத்தில் உயிரோடு இருப்பவை அதன் வேலையைக் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொள்ளும் வேகம் முதல் மூன்று மாதத்தில் அதிகம், ஆறு மாதம் வரைக்கும் நன்றாக இருக்கும், அதற்கப்புறமும் நிற்காது. கற்பதற்கு ஒரே வழி, திரும்பத் திரும்பச் செய்வது. ஒரு பாட்டி, வலது கை விழுந்தவர், "இந்தக் கை என்னுதுன்னே தோணல கண்ணு" என்றார். அவருக்காகச் சந்தையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, கொஞ்சம் பெரியதாக, வாங்கிப் போனேன். இரண்டு கைகளுக்கும் நடுவே நிறுத்தி, கெட்ட கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் மூடித் திறக்கச் சொன்னேன். கண்ணுக்கு வலது கை திறக்கிறது என்று தெரியும். இந்தக் கண்ணாடி யோசனை சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவின் சான் டியாகோவுக்குப் போன வி. எஸ். ராமச்சந்திரனுடையது. கை இழந்தவர்களுக்கு, இல்லாத கையில் வருகிற வலியைத் தணிக்க 1990களில் அதைப் பயன்படுத்தினார். பக்கவாதத்துக்கும் பயன்படுமா என்று அவரும் மற்றவர்களும் சோதித்தது 1999-ல் வெளிவந்தது. எல்லாருக்கும் பலிப்பதில்லை. பாட்டிக்கு விரல்கள் திறக்க ஆரம்பித்தன. பூ தொடுக்கிற அளவுக்கு வரவில்லை, தட்டைப் பிடிக்கிற அளவுக்கு வந்தது.

எந்த வீட்டிலும் நான் முதலில் நிறுத்துவது ஒரு காரியத்தை. கட்டிலிலிருந்து எழுப்பும்போது பிள்ளைகள் பாசத்தோடு, விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவார்கள். தோள்பட்டை மூட்டின் பந்து ஆழமில்லாத குழியில் உட்கார்ந்திருக்கிறது, சுற்றியுள்ள தசைகள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. தசை தளர்ந்த நேரத்தில் இழுத்தால் பந்து கீழே இறங்கும். அப்புறம் வருகிற தோள்வலி, பயிற்சியையே செய்யவிடாது. "கையைத் தொடாதீங்க தம்பி, இடுப்புல கையக் குடுத்து எழுப்புங்க. உக்காந்திருக்கும்போது கைக்கு அடியில தலகாணி வைங்க." இந்த இரண்டு வாக்கியத்தால் மிச்சமாகிற வேதனையை எந்த மெஷினாலும் மிச்சப்படுத்த முடியாது.

தசையைப் பற்றிச் சொல்லாமல் நரம்பை மட்டும் பேசிக்கொண்டே போகிறேன். தசையின் உள்ளே ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகைப் புரத இழைகள். இரண்டு சீப்புகளைப் பல்லுக்குள் பல் கோர்த்து உள்ளே தள்ளுவது போல அவை ஒன்றுக்குள் ஒன்று நழுவுகின்றன. இழை எதுவும் சுருங்குவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதில்தான் தசை குட்டையாகிறது. 1954-ல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இன்னொரு பக்கம், இதை ஒரே சமயத்தில் எழுதினார்கள். நழுவுவதற்குக் கால்சியம் வேண்டும், சக்தி வேண்டும். பிடியை விடுவதற்கும் சக்தி வேண்டும். உயிர் போனபிறகு உடம்பு விறைத்துக்கொள்வது அந்தச் சக்தி தீர்ந்து இழைகள் பிடியை விட முடியாமல் நிற்பதால்தான்.

வயசானவர்கள் காய்ச்சலில் படுத்தால் "ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். நல்ல உடம்போடு இருந்த முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007-ல் வந்தது. இரண்டு கால்களிலும் சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ சதை கரைந்திருந்தது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் 1990-ல் பாஸ்டனில் சராசரி 90 வயதுள்ள முதியோர் இல்லத்துத் தாத்தா பாட்டிகளுக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். தொடையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. சதையின் அளவோ ஒன்பது சதவீதம்தான். பலத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? நரம்பிலிருந்து. தூங்கிக்கிடந்த தசை நார்களை ஒருசேர எழுப்ப மூளையும் தண்டுவடமும் கற்றுக்கொண்டன. பஞ்சப்பள்ளிப் பக்கம் ஒரு தாத்தாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப எனக்கு இன்னும் டைம் இருக்கு" என்றார். திண்ணையின் விளிம்பில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார்வது அவருக்கு நான் கொடுத்த பயிற்சி. கூடவே ராகிக் களியோடு கொள்ளுப் பருப்போ முட்டையோ. வெறும் களியும் ரசமும் தசைக்குக் காணாது.

இந்தப் பகுதியில் நான் மறக்கக்கூடாத இன்னொன்று, மருந்தடிப்பு. தக்காளிக்குப் பூச்சிமருந்து அடிக்காமல் விளைவதில்லை என்கிறார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் கைவைப்பது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில். அங்கே ஒரு மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள இடைவெளி. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அதைத் தாண்டித் தசையைத் தொடும். உடனே ஒரு நொதி அதை வெட்டி அப்புறப்படுத்தும். பூச்சிமருந்து அந்த நொதியைக் கட்டிப்போடும். எச்சில் ஒழுகும், வியர்வை கொட்டும், கண்பாவை ஊசிமுனையாகும், தசைகள் தன்பாட்டுக்குத் துடிக்கும், பிறகு ஓய்ந்துபோகும். ஆஸ்பத்திரியில் போடும் அட்ரோபின் எச்சிலையும் சளியையும் வற்றவைக்கும். தசைச் சந்திப்பில் அதற்கு வேலை இல்லை. இலங்கை பேராதனையின் நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் 1987-ல் ஒன்றைத் தெளிவாக எழுதிவைத்தார்கள். ஆபத்து தாண்டிவிட்டது என்று எல்லாரும் நினைக்கிற நேரத்தில், ஒன்று முதல் நான்கு நாளுக்குள், கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளரலாம். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்பது முதல் எச்சரிக்கை. மருந்தடித்துச் சாய்ந்தவர் வீட்டாரிடம் நான் சொல்லிவைப்பது இதைத்தான்: டிஸ்சார்ஜுக்கு அவசரப்படாதீங்க, தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்க.

அதே சேனாநாயக்க, ஜெயரத்தினத்தோடு சேர்ந்து 1981-ல் எழுதிய இன்னொரு கட்டுரை நம் வீடுகளுக்கு நெருக்கமானது. 1977-78-ல் இலங்கையில் இருபதுக்கும் மேற்பட்ட இளம்பெண்களுக்குப் பாதம் தொங்கியது, கை விரல்கள் தளர்ந்தன. பெண் வயசுக்கு வந்ததும் சத்துக்காகக் கொடுக்கும் நல்லெண்ணெயில் ட்ரைகிரெசில் பாஸ்பேட் கலந்திருந்தது. பூச்சிமருந்துகளின் உறவுக்கார ரசாயனம் அது. நீளமான நரம்பிழைகளை நுனியிலிருந்து கொல்லும். இங்கேயும் நாம் பெண்பிள்ளைகளுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுக்கிறோம். மருந்து கேனைக் கழுவிவிட்டு எண்ணெயோ தண்ணீரோ பிடித்துவைத்திருக்கும் வீட்டைக் கண்டால், வந்த வேலையை நிறுத்திவிட்டு அந்தக் கேனை உடைக்கச் சொல்லித்தான் மறுவேலை பார்ப்பேன். நீளமான இழை முதலில் சாகும் என்ற விதி சர்க்கரைக்கும் பொருந்தும். அதனால்தான் சர்க்கரை நோயாளிக்கு மரப்பு உள்ளங்காலில் ஆரம்பிக்கிறது. செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்து வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். ஃப்ளூரைடு கூடிய போர்த் தண்ணீரைக் காலம்பூராவும் குடித்த பெரியவர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. முதுகு பலகையாக விறைத்திருக்கும். எலும்பு தடித்துத் தண்டுவடத்தை நெருக்கினால் இரண்டு காலும் விறைத்துத் தளரும். கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட்டும் கூட்டாளிகளும், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் இந்த நோயைக் கண்டு 1937-லேயே எழுதினார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குத் தண்ணீர் தர ஆரம்பித்தது 2013-ல். இடையில் வளர்ந்த தலைமுறையின் முதுகுகளைத்தான் நான் இப்போது தொட்டுப் பார்க்கிறேன். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பேன், ஆனால் கால் விறைப்பு கூடுகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் அங்கே என் வேலை இல்லை. உடனே அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

கடைசியாக, நாள் கணக்கு எதுவும் சொல்ல முடியாத ஒரு நோய். கையும் காலும் மெலிந்துகொண்டே வந்த, காதும் மந்தமான ஓர் இளைஞர். நாக்கு வற்றி அதில் தசை துடித்தது. மாரண்டஹள்ளி ஸ்டேஷனில் ரயிலேறினால் ஓசூர் வழியாகப் பெங்களூர், அங்கே நிமான்ஸ் நரம்பியல் மருத்துவமனை. பரிசோதனைகள் முடிந்து சீட்டில் எழுதித் தந்த பேரில் நம்ம ஊர்ப் பேர் இருந்தது: மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். 1970-ல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி என்ற சென்னை மருத்துவர்கள் இதைத் தனியாகப் பிரித்து எழுதினார்கள். தென்னிந்தியாவில்தான் அதிகம் தென்பட்டது. தசைக்குச் செய்தி அனுப்பும் உயிரணுக்களே ஒவ்வொன்றாகக் குறைகின்றன. இதே வகை நோய்கள் மற்ற இடங்களில் சில வருஷத்தில் உயிரைக் குடித்துவிடும், இது மெல்லப் போகும், பல பத்து வருஷம் வாழ்ந்தவர்கள் உண்டு. குணமாக்கும் மருந்து இல்லை.

அவர் அம்மா என்னிடம் கேட்டதும் அதேதான். "கரண்ட் வச்சா வருமா மேடம்?"

"வராதுங்கம்மா" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். மிச்சமிருக்கிற நரம்பு உயிரணுக்கள் போனவற்றின் தசை நார்களையும் தத்தெடுத்துக்கொண்டு இரட்டை வேலை செய்கின்றன. அவற்றைக் களைப்படைய விடக்கூடாது. அதனால் இவருக்கு எடைப் பயிற்சி கிடையாது. மூட்டு இறுகாமல் இருக்க நாள்தோறும் இரண்டு வேளை நீட்டி மடக்க வேண்டும், அதை அண்ணன் செய்யலாம். சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தி விழுங்கினால் புரையேறுவது குறையும். தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சி எளிதாக இறங்கும். கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் பிடி நிற்கும். குளிப்பதை நின்றுகொண்டு செய்யாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செய்தால், மிச்சமாகும் தெம்பில் குடும்பத்தின் கடைக்கு வந்து கல்லாவில் உட்காரலாம். காதுக் கருவிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். சான்றிதழுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று எழுதித் தந்தேன்.

அண்ணன் நோட்டை எடுத்து வந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். மறுவாரம் போனபோது கரண்டிக்குத் துணி சுற்றியிருந்தார்கள், ஆனால் வழுக்கியது. சைக்கிள் கைப்பிடிக்குப் போடும் ரப்பர் உறையை மாட்டிப் பார்க்கலாம் என்று அந்த இளைஞரே சொன்னார். மாட்டினோம், பிடி நின்றது.